நாலாவது கோடு

அறுபத்து மூன்று வீதத்தில் நிற்கிறது.
இரவு ஒரு மணி பத்து.
மெல்பேர்னில் யாரோ எழும்பி
என் கணக்குத் தாளைத் தேடுவார்.
திரையில் வட்டம் சுற்றுகிறது
நுளம்புத் திரி போல,
எரிந்து முடிவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஹொட்லைனில் இருந்த பொடியன் சொன்னான்:
"மிஸ், ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க."
பண்ணினேன்.
"முப்பது எண்ணிட்டுப் பண்ணுங்க."
எண்ணினேன். இருபத்தேழில்
சப்ரான் புரண்டு படுத்து
"என்னத்த எண்ணுறாய் இந்த நேரம்" என்றார்.
திரும்ப ஒன்றிலிருந்து.

பச்சை விளக்கு நாலும் எரிந்தது.
விளக்குக்கு ஒரு குறையும் இல்லை.

ரவுட்டரைக் குப்புறக் கவிழ்த்து
எறும்பளவு எழுத்தில் இருந்த இரகசியச் சொல்லை
டோர்ச் அடித்து வாசித்து
உள்ளே போனேன். யார் யார் குடிக்கிறார்கள்
என்று ஒரு பட்டியல் இருந்தது:
என் மடிக்கணினி,
நித்திரையிலும் எதையோ இறக்கும் அவருடைய போன்,
அணைத்துவிட்டதாய் நான் நம்பியிருந்த டீவி,
ஹிக்மாவின் டெப்,
பிறகு, ஏ பூச்சியம் மூன்று.
அது எங்கள் வீட்டுச் சாமான் அல்ல.

தடுத்தேன். ஒரு விரல் தட்டு.
கள்ளனைப் பிடித்தவளின் பெருமையில்
ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.
திரையில் அறுபத்து மூன்று.

காலையில் வேலிக்கு அந்தப் பக்கம்
நஸ்மியா உடுப்புக் காயப்போட்டாள்.
"ராத்தா, ராவு ரெண்டு மணி போல
உங்கட வீட்டில கரண்ட் போச்சுதா?"
முகத்தைப் பார்க்காமல், வாயில் கிளிப்போடு.

தோஹாவில் அப்போது பதினொன்றரை.
அவளுடைய மனிசனுக்கு வேலை முடிகிற நேரம்.

"போகல்ல" என்று சொல்ல வாயெடுத்து
"ஓம், போச்சு" என்றேன்.
பின்னால் நின்ற ஹிக்மா காதுக்குள்:
"நான்தான் பாஸ்வேர்ட் சொன்ன உம்மா.
ஜம்பு தந்தவ."

போனைக் கையில் பிடித்து
வீட்டுக்குள் நடந்து நடந்து அளந்தேன்.
ரவுட்டருக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு.
ஹோல் வாசலில் இருபத்தொன்று.
சுவருக்கு இந்தப் பக்கம், என் மேசையில்,
ஒன்று தசம் ஏழு.

இந்தச் சுவர் ஒன்பது அங்குலம்.
கடல் மருதமுனைக்குள் வந்து போன பிறகு
மாமா கட்டுவித்தது.
அரை அங்குலக் கம்பியைச் சாணுக்குச் சாண் வலையாய்ப் பின்னி
நடுவில் கொங்கிறீட்.
"இது சுவரா, பாலத்துத் தூணா?" என்று
மேசன் பாஸ் கேட்டாராம்.
மாமா பதில் சொல்லவில்லை,
இன்னும் பத்து மூட்டை சீமெந்துக்கு ஆள் அனுப்பினார்.

இத்தனை வருஷமாய் அது
கடலுக்குக் காத்து நிற்கிறது.
கடல் வரவில்லை.
வருகிறதையெல்லாம் கடலென்று நினைத்து
நிறுத்துகிறது.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
குளிர்ந்து கிடந்தது.
ஆரோடு சண்டை பிடிப்பது.

துளை போடப் போய்
சப்ரான் இரண்டு அலகு முறித்தார்.
மூன்றாவதுக்கு நான் விடவில்லை.
கல்முனையில் பதினைந்து மீற்றர் வயர் வாங்கி
கதவுக்கு மேலே காற்றோட்ட ஓட்டையால் இழுத்து
நடையின் பின் ஜன்னல் கம்பியில்
ரவுட்டரைக் கட்டித் தொங்கவிட்டோம்.
முதலில் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தோம்,
தகரமும் ஒரு சுவர்தான் என்பது
பிறகுதான் விளங்கிற்று.
இப்போது அது இருப்பது
இடியப்பத் தட்டில்.

அன்றிரவு, ஒன்று ஐம்பத்திரண்டுக்கு,
நூறு வீதம். தாள் மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தது.
மூட முதல் அந்தப் பட்டியலைத் திறந்து
ஏ பூச்சியம் மூன்றை
அவிழ்த்துவிட்டேன்.

என் மேசைக்கு மூன்று கோடு.
அந்த ஜன்னல் பார்க்கிறது
நஸ்மியாவின் குசினியை. அங்கே
நாலும் இருக்கும்.

இரண்டு பத்துக்கு அவளுடைய லைட் எரிந்தது.
தோஹாவிலிருந்து ஒரு குரல்,
எங்கேயும் வெட்டுப்படாமல்,
"சாப்பிட்டயா?" என்று கேட்டது.

இந்த நேரத்தில் ஆர் சாப்பிடுவார்கள்.